பத்தொன்பதாம் நம்பர் காராமணி

செத்துப்போனவன் உச்சிவெயிலில் வந்து தண்ணீர் கேட்கிறான் என்று தணிகைவேல் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொந்த ஊர் ஒதியம்பட்டில் சொன்னால் பாதிப் பேர் மந்திரித்துக் கயிறு கட்ட இழுத்துப்போவார்கள், மீதிப் பேர் சாராயக் கடைப் பக்கம் கையைக் காட்டிச் சிரிப்பார்கள். பண்ணையில் சொன்னால் இன்னும் மோசம். அது பயறு ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே எதைச் சொன்னாலும் எத்தனை மணிக்கு, எந்தப் பாத்தியில், மண்ணில் ஈரம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

கேட்டால் அவனிடம் பதில் இருந்தது. அதுதான் கொடுமை. மத்தியானம் ஒன்றேகாலுக்கு. பத்தொன்பதாம் நம்பர் பாத்தியில். ஈரம், பக்கத்துப் பாத்தியைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம்.

வில்லியனூருக்கு மேற்கே இருந்த அந்தப் பண்ணையில் அவன் இருபது வருஷமாகக் கள உதவியாளன். வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: செடிகளுக்கு யாரும் தண்ணீர் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. சிரிக்காதீர்கள், சம்பளம் அதற்குத்தான். மழையே இல்லாத கோடையிலும் காய்க்கிற காராமணி ஒன்று வேண்டும். அதற்காக ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் வைத்து, அதில் பிறக்கிற பிள்ளைகளை விதைத்து, இருபத்தைந்தாம் நாளோடு தண்ணீரை நிறுத்திக் காயப்போட வேண்டும். எது சாகிறது, எது நிற்கிறது என்று காலை ஆறு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் எழுத வேண்டும். நின்றதின் விதையை எடுத்து மறுபடி விதைத்து, மறுபடி காயப்போட வேண்டும். டாக்டர் புவனேஸ்வரி மேடத்துக்கு அது விஞ்ஞானம். களை எடுக்க வரும் ரோஸ்லினைக் கேட்டால், "பச்சப் புள்ளைங்கள தொண்ட காய வெச்சி சாவடிக்கிற வேல, இதுக்கு ஒரு ஆபீசு வேற," என்பாள்.

பத்தொன்பதாம் நம்பர் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம், கலைவேந்தன் என்கிற பையன் திருபுவனையில் கம்பெனி ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். விழுப்புரம் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. இருபத்துமூன்று வயது. அவன் அம்மா சின்னபொண்ணு பண்ணையில் கூலியாள், தணிகைவேலின் தெருக்காரி. உறவு இல்லை, ஆனாலும் தணிகைவேல் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தம்பி, அவள் அவனுக்கு அக்கா. போன் வந்ததும் தணிகைவேல்தான் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

பையனுக்கு நினைவு இருந்தது. அதுதான் பாவம். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, ஆபரேஷன் பண்ண வேண்டும், தியேட்டர் தயாராகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் நர்ஸ். கலைவேந்தன் அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணி. அம்மா, தண்ணி. அவள் கையில் அவனுடைய கம்பெனிப் பை இருந்தது. பைக்குள் அவன் தினமும் எடுத்துப்போகும் ரெண்டு லிட்டர் பாட்டில், பச்சை மூடி, பக்கவாட்டில் மார்க்கரால் 'கலை' என்று எழுதியது, பாதித் தண்ணீரோடு. அவள் மூடியைத் திறந்துவிட்டாள். தணிகைவேல் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"தண்ணி குடுக்காதக்கா. ஆபரேஷன் முடியட்டும், அப்பால குடுக்கலாம்."

சரியான வார்த்தைதான். எந்த டாக்டரைக் கேட்டாலும் சரி என்பார். பையன் தியேட்டர் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. கேட்டுக்கொண்டே போய்விட்டான்.

புதைத்த மறுநாள் பால் தெளிக்கப் போனார்கள். மேட்டில் நவதானியம் தூவ வேண்டும். கடையில் வாங்கின பொட்டலத்தில் மொச்சை இல்லை. ஒன்பதில் ஒன்று குறைந்தால் ஆகாது என்று பெரியவர்கள் முனகினார்கள். சின்னபொண்ணு வீட்டுக்குப் போய் முந்தானையில் ஒரு கை காராமணி முடிந்துகொண்டு வந்து கலந்தாள். அது அவள் வீட்டு விதை. பாதி வெள்ளை, பாதி சிவப்பு, கோயில் மதில்சுவர்போல. பையனுக்கு அந்தச் சுண்டல் என்றால் உயிர். பாலும் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது, அவளும் போகவில்லை.

சித்திரைக் கடைசியில் தெருவில் இன்னொரு சாவு. தணிகைவேல் சுடுகாட்டுக்குப் போனான். எழுபது நாளாக ஒரு தூறல் இல்லை. கலைவேந்தன் மேட்டில் முளைத்த நெல், கோதுமை, எள், உளுந்து எல்லாம் சருகாகிக் காற்றில் பறந்துவிட்டிருந்தன. ஒரே ஒரு காராமணிக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. நின்றது மட்டுமா? பதினோரு காய்.

வேறு யாராவது பார்த்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். இவனுக்குத் தொழில் புத்தி. சுடுகாட்டிலிருந்து ஒரு துரும்புகூட எடுத்து வரக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தவன்தான். தெரிந்தும், மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று செருப்பைத் தேடுகிறமாதிரி நின்று, பதினோரு காயையும் பறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் பண்ணை ரிஜிஸ்தரில் எழுதினான்: 'வரிசை எண் 19. சேகரித்த இடம்: பண்டசோழநல்லூர், வரப்பு.' சுடுகாடு என்று எழுதினால் நாளைக்கு இதை யார் வாயில் வைப்பார்கள்?

மேடம் விடவில்லை. அந்த வரப்பைக் காட்டுங்கள், இன்னும் கொஞ்சம் விதை எடுக்கலாம் என்றார்.

"அங்க ப்ளாட் போட்டுட்டாங்க மேடம்," என்றான் தணிகைவேல். நம் ஊரில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

பத்தொன்பதைத் தகப்பனாக வைத்து, நிறையக் காய்க்கிற ஒரு ரகத்தைத் தாயாக வைத்துக் கலந்தார்கள். அதற்குக் கை சுத்தம் வேண்டும். மறுநாள் விரியப்போகிற மொட்டைச் சாயங்காலமே இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, காலையில் மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். பண்ணைப் பெண்கள் அதற்குக் கல்யாணம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னிக்கு எத்தினி கல்யாணம்டி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பண்ணையிலேயே நல்ல கை சின்னபொண்ணுவுக்கு. பத்தொன்பதின் கல்யாணம் முழுக்க அவள்தான் செய்தாள். அன்றைக்கு அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதைத் தணிகைவேல் பார்த்தான். பையன் செத்து ஒரு வருஷம்தானே ஆகிறது என்று நினைத்துக்கொண்டான். மடையன்.

பிள்ளைகள் வந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை விதைத்த பத்தொன்பதாம் பாத்தி இரண்டு கோடை அசையவில்லை. சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, அது மட்டும் ஒரு செடி பாக்கியில்லாமல் பச்சை. மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. தணிகைவேலுக்குத் தூக்கம் போயிற்று. ஏனென்றால் இரண்டாவது கோடையில்தான் அவன் முதல் தடவை கேட்டான். சாப்பாட்டு நேரம், வயலில் ஆள் இல்லை, வெயில் மண்ணிலிருந்து மேலே அடிக்கிறது. பாத்திப் பக்கமிருந்து மெல்லிய குரல். தண்ணி. கொஞ்சம் விட்டு, மறுபடி, தண்ணி.

அவன் போய்ப் பார்க்கவில்லை. ஈரம் பார்க்கும் கருவியில் பத்தொன்பதுக்கு மட்டும் முள் கொஞ்சம் கூடக் காட்டியபோது கருவியைத் தட்டிப் பார்த்தான். பிறகு கருவி சரி என்று தெரிந்தது. பிறகு, கேட்டவன் தானே வந்து குடித்துவிட்டுப் போகிறான் என்று முடிவு செய்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டான். பயந்த மனுஷனுக்குப் பேய்கூட ஒரு சௌகரியம்தான்.

மூன்றாவது கோடை, பங்குனியில் ஒரு காலை, பாகூர்ப் பக்கத்திலிருந்து நாகராஜன் வந்தான். குத்தகைக்கு மூன்று ஏக்கர் ஓட்டுகிறவன். அடுத்த கோடையில் விவசாயிகளுக்குப் பத்தொன்பதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னது அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"போர் தண்ணி உப்பாயிட்டுதுண்ணே. நெல்லும் வக்கில, கரும்பும் வக்கில. மூணு ஏக்கராவும் இதத்தான் போடப்போறேன். தண்ணியே இல்லாம நிக்கும்னு சொல்றாங்களே, நெசந்தான?"

நெசம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான் தணிகைவேல். வரவில்லை. "பாக்கலாம்பா," என்றான். அந்த முள் அவன் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பண்ணையில் பேய் வரும், குடிக்கும். பாகூருக்கும் வருமா? நாகராஜன் பெண்டாட்டி பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்பான்.

அன்று மத்தியானம் அவன் சோற்றுத் தூக்கைத் திறக்கவில்லை. உரக் கொட்டகையின் பின்பக்கம் சுற்றிப்போய் நின்றான். ஒன்றேகால். குரல் கேட்டது. அவன் நடந்தான்.

சின்னபொண்ணு பாத்திக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பச்சை மூடி பாட்டில். ஒவ்வொரு செடியின் அடியிலும் விரலால் சிறு குழி பறித்து, ஒரு மடக்கு ஊற்றி, அது இறங்கியதும் காய்ந்த மண்ணை மேலே தள்ளித் தடவிவிட்டாள்.

"தண்ணி குடிச்சிக்கடா. தண்ணி... இந்தா, நீயும் குடிச்சிக்க."

பேய் இல்லை என்று தெரிந்ததும் மனுஷனுக்கு நிம்மதி வர வேண்டாமா? வரவில்லை. பேயாகவே இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

"எத்தினி நாளாக்கா?"

அவள் திடுக்கிடவில்லை. "ரெண்டு வருசம் முடிஞ்சி, இது மூணாவது."

"இது எதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீ கொண்டாந்த காயத் தொலிச்சது யாரு, நாந்தான? கோயிலு செவுரு மாரி காராமணி இந்தச் சுத்துல வேற யாரு வூட்ல இருக்குது?" அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "பண்டசோழநல்லூர்னு எழுதியிருக்கன்னு ரோஸ்லின் படிச்சி சொன்னா. செரி, எம்புள்ள பண்டசோழநல்லூர்காரனா இருந்துட்டுப் போறான்னு வுட்டுட்டன். கல்யாணமும் என் கையாலதான பண்ணி வெச்சேன். இத்தினி புள்ளைங்க. இதுங்களையும் காயப்போட்டா நான் இன்னாத்துக்கு உசுரோட இருக்கணும்?"

தணிகைவேல் சொல்ல வேண்டிய வார்த்தை மூன்றே மூன்று. தொண்டை வரைக்கும் வந்தது. அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தான், அது அப்படியே கீழே இறங்கிவிட்டது. கொட்டகைக்குத் திரும்பி வந்து, தூக்கைத் திறந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனான்.

"மேடம், பத்தொம்பதுல தண்ணி பட்டிருக்கு. இந்த வருசம் மட்டும் இல்ல. ரெண்டு வருசமும்."

புவனேஸ்வரி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"நாந்தான் கவனிக்கல மேடம்."

"நான் கேட்டது அது இல்ல தணிகை."

"எனக்குத் தெரியல மேடம்."

ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் பெண்கள் மண்வெட்டிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. ஆனாலும் மேலே கேட்கவில்லை. "பலவீனமானது எல்லாத்தையும் காப்பாத்தி வெச்சிருக்கீங்க. எது நிஜமா தாங்கும்னு எனக்கு இப்பத் தெரியாது. ரெண்டு வருஷம் சும்மா போச்சு," என்றார். தணிகைவேலுக்கு மெமோ வந்தது. இந்த வருஷமே மறுபடி விதைக்க வேண்டும், அறுபது விதை, இரும்புச் சட்டத்தின்மேல் பாலித்தீன் சுருட்டி வைத்திருக்கும் பந்தலுக்குக் கீழே. கோடைமழை வந்தால் இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்து மூட வேண்டும், விட்டதும் திறந்துவிட வேண்டும். விவசாயிகளுக்குக் கொடுப்பது இப்போதைக்கு இல்லை. நாகராஜன் போனில் வாய்க்கு வந்ததைப் பேசினான். தணிகைவேல் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

அறுபதும் முளைத்தன. இருபத்தைந்தாம் நாள் கடைசித் தண்ணீர். மறுநாள் மத்தியானம், பெண்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், தணிகைவேல் சின்னபொண்ணுவைப் பந்தல் பக்கம் கூப்பிட்டான். ராத்திரி முழுக்க வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தான். நாகராஜனைப் பற்றி, மூன்று ஏக்கரைப் பற்றி, உப்புத் தண்ணீரைப் பற்றி. அவள் முகத்துக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"தண்ணி குடுக்காதக்கா," என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் வலது மணிக்கட்டைத்தான் பார்த்தாள். பிறகு அதை இடது கையால் தேய்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் நீதான சொன்ன."

"நாந்தான் சொன்னேன்."

"இந்தா." பாட்டிலை நீட்டினாள். "என்னாண்ட இருந்தா ஊத்திடுவேன். நீயே வெச்சிக்க."

அவன் அதைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்த பலகைமேல் வைத்தான். 'கலை' என்ற எழுத்து பாதி அழிந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். அதுவும் சரிப்படவில்லை. பழையபடி திருப்பினான்.

தண்ணீர் நிறுத்தின ஒன்பதாம் நாள் முதல் செடி போயிற்று. பதினான்காம் நாள் எட்டு. அவன் ரிஜிஸ்தரில் ஒவ்வொன்றாகக் குறித்தான்: இரண்டாம் வரிசை, ஏழாவது, இறப்பு. இத்தனை வருஷம் அந்தச் சொல்லை எழுதிய கைதான், இப்போது 'ற' வரும்போது பேனா நின்றது. சின்னபொண்ணு தினமும் வேலை முடிந்து போகும்போது பந்தலருகே ஒரு நிமிஷம் நிற்பாள். எத்தனை என்று கேட்க மாட்டாள், தானே எண்ணுவாள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட முடியாது. பதினாறாம் நாள், ஒன்றேகாலுக்கு, அவனுக்கு மறுபடி கேட்டது. தண்ணி. அவன் விழுந்தடித்து ஓடினான். பந்தலுக்குள் யாரும் இல்லை. சின்னபொண்ணு தூரத்தில், புங்கமரத்தடியில் ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் பலகைமேல் இருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தான், சுட்டது. உயிரோடு இருந்த செடிகள் இலைகளை வெயிலுக்குப் பக்கவாட்டில் திருப்பி மடித்துக்கொண்டு நின்றன, காராமணி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் செய்யும். காற்றுகூட இல்லை. அவன் நின்ற இடத்திலேயே மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை முழங்கால் உயரத்திலிருந்து.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் மேற்கே திடீரென்று கறுத்தது. பந்தலை மூட ஓடினான். முப்பத்தேழு போய்விட்டிருந்தன, மிச்சத்தில் பாதி இன்றோ நாளையோ என்று தொங்கின. முதல் சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. மண்வாசனை கிளம்பிவிட்டது. கயிறு கையில் இருந்தது, இழுக்க வேண்டியதுதான். அவனால் முடியவில்லை. வானத்திலிருந்து தானே வந்து ஊற்றுகிறது, யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. விட்டுவிட்டால் என்ன? இன்னொரு மெமோ வரும், வரட்டும். அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆமாம், நாற்பத்தாறு வயசு ஆள், நடு வயலில் நின்றுகொண்டு.

"இழுடா!"

எதிர்ப்பக்கக் கயிற்றில் சின்னபொண்ணு. எப்போது வந்தாள் என்று தெரியாது. முந்தானையை வரிந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"நின்னுகினு இன்னா பாக்கற? இழு தணிகை! மூணு வாரம் பொறுத்துதுங்க, இப்ப கெடுக்கப் போறியா? செத்துதுங்களே, அதுங்க சும்மாவா செத்துதுங்க? இழு!"

இருவரும் இழுத்தார்கள். பாலித்தீன் சடசடவென்று விரிந்து மூடிக்கொள்ளவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. தலைக்குமேல் ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் வெள்ளமாக ஓடியது. கீழே மண் வெடிப்புவிட்டுக் கிடந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர்கள் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"உனக்கும் கேக்குதா?" என்றாள் அவள், கொஞ்ச நேரம் கழித்து.

"கேக்குதுக்கா. ரெண்டு வருசமா. அது நீன்னு நெனச்சேன். நீ நிறுத்தினப்பறமும் கேக்குது."

"எனக்கு ஆசுபத்திரியிலேந்தே கேக்குது. எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன்." அவள் ஒரு காய்ந்த இலையை எடுத்துத் தூளாக்கினாள். "நீ கையப் புடிச்சது தப்புன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா? குடுத்திருந்தாலும் பூட்டிருப்பான். குடுக்காமயும் பூட்டான். அது இல்லபா. கேட்டான். அதுதான் நிக்குது."

மழை விட்டதும் கயிற்றை அவிழ்த்துப் பந்தலைத் திறந்துவிட்டார்கள். வெயில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து செடிகள்மேல் உட்கார்ந்தது.

நாற்பதாம் நாள் மூன்று செடி மிச்சம். முதல் வரிசையில் ஒன்று, மூன்றாம் வரிசையில் இரண்டு. அடி இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு பென்சில் கனம்கூட இல்லாமல், ஆனால் மேலே பச்சை, கையளவுக்குக் காய். காலையில் மேடம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் போய், காயைத் தடவிப் பார்த்தார். முகம் ஒரு சிறுமியுடையதுபோல் ஆகிவிட்டது.

"இதுதான் தணிகை. இந்த மூணுதான் நிஜம். மத்த அம்பத்தேழு மாதிரி இருந்ததையெல்லாம் அன்னைக்கே சாகவிட்டிருந்தா, ரெண்டு வருஷம் முன்னாடியே இது கைக்கு வந்திருக்கும்."

பக்கத்தில் கூடையோடு நின்ற சின்னபொண்ணு அதைக் கேட்டாள். மேடம் நல்லவர்தான், சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். தணிகைவேல் தரையைப் பார்த்தான். காய்களைச் சின்னபொண்ணுவே பறித்தாள். ஒன்றைப் பிரித்தபோது உள்ளே பாதி வெள்ளை, பாதி சிவப்பு. நாகராஜனுக்கு இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷம் கொடுத்தால் பொய்யாக இருக்காது.

எல்லோரும் சாப்பிடப் போனபின் தணிகைவேல் கொட்டகைக்குப் போய்ப் பலகையிலிருந்து பாட்டிலை எடுத்தான். இரண்டு தடவை அலசினான். தொட்டிக் குழாயில் வாய் வரைக்கும் நிரப்பி, பச்சை மூடியைத் திருகி, பந்தலுக்குக் கொண்டுவந்தான். சின்னபொண்ணு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். சோறு தின்னப் போகவில்லை.

"முடிஞ்சிதுக்கா," என்றான். "இப்ப குடுக்கலாம்."

அவள் பாட்டிலை வாங்கி, மார்க்கர் எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். மூன்று செடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சுற்றிலும் வரிசை வரிசையாகக் காய்ந்த குச்சிகள்.

"இதுங்களுக்கு இன்னாத்துக்கு? இதுங்க கேக்கவே இல்லியே."

முதல் வரிசையின் தலைப்புக்கு நடந்தாள். முதல் குச்சியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் குழி பறித்து, மூடியைத் திறந்தாள்.

"கேட்டது இதுங்கதான்," என்றாள்.

ஒரு மடக்கு ஊற்றினாள். மண் அதை இழுத்துக்கொள்கிற வரைக்கும் காத்திருந்து, தடவிவிட்டு, அடுத்ததுக்கு நகர்ந்தாள். உயிரோடிருந்த ஒன்றைத் தாண்டிப் போனாள். "குடிச்சிக்கடா," என்றாள் ஒவ்வொன்றிடமும், அவசரமில்லாமல், ஒரு குச்சியைக்கூட விடாமல். இருபத்திரண்டாவதில் பாட்டில் காலி. திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டினாள்.

தணிகைவேல் வாங்கிக்கொண்டு ஓடினான். தொட்டிக் குழாயடியில் பாட்டிலை வைத்தபோது மணி ஒன்றேகால். அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பாட்டில் நிறைகிற சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. நிறைந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினான், இன்னும் முப்பத்தைந்து செடி இருந்தது.